பேட்டரி கன்டெய்னரில் காலையில் மட்டும் இன்சுலேஷன் அலாரம்: எங்கிருந்து தேடுவது?

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
வணக்கம். சென்னை ஓஎம்ஆர் சாலையில், சிறுசேரி பக்கம் ஒரு டேட்டா சென்டர் வளாகத்தில் பேட்டரி சேமிப்பு அமைக்கும் வேலையைச் சைட்டில் பார்த்துக்கொள்கிறேன். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல், லிக்விட் கூலிங், 20 அடி கன்டெய்னர்கள், ஒவ்வொன்றும் 5 மெகாவாட்-மணி. ஒரு கன்டெய்னரில் 12 ரேக், ரேக்குக்கு 4 பேக், பேக்குக்கு 104 செல். ஆக ஒரு ரேக்கில் 416 செல் தொடராக, ஏறக்குறைய 1,330 வோல்ட் டிசி.

மூன்றாவது கன்டெய்னர்தான் தலைவலி. காலை 6 மணிக்கு சிஸ்டத்தை ஆன் செய்து கொஞ்ச நேரத்தில் இன்சுலேஷன் (மின்சாரம் எர்த்துக்குக் கசியாமல் தடுக்கும் மின்தடை) 50, 60 கிலோ ஓமுக்கு இறங்கி அலாரம் அடிக்கிறது. அலாரம் வரம்பு 150. பதினோரு மணி வாக்கில் தானாக 400-ஐத் தாண்டிவிடுகிறது. மழை பெய்த மறுநாள் இன்னும் மோசம். இன்வெர்ட்டர் ஆட்கள் கன்டெய்னரைக் கை காட்டுகிறார்கள், கன்டெய்னர் ஆட்கள் கேபிளைக் கை காட்டுகிறார்கள். ஒப்படைப்புச் சோதனை நெருங்குவதால், வரம்பை 40-க்கு இறக்கிவிட்டுப் போகலாம் என்று ஒரு பேச்சும் ஓடுகிறது. எனக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

டிசி பக்கம்
தம்பி, வரம்பில் கை வைக்காதீர்கள். முதல் கேள்வி: இன்சுலேஷன் பார்க்கும் கருவி எத்தனை வேலை செய்கிறது? பெரும்பாலும் கன்டெய்னருக்குள் ஒன்று இருக்கும், இன்வெர்ட்டருக்குள்ளும் ஒன்று இருக்கும். டிசி பிரேக்கர் மூடியதும் இரண்டும் ஒரே லைனில் வந்துவிடும். ஒன்று அனுப்பும் சிக்னலை மற்றது குழப்பும், ஒன்றின் உள் மின்தடை மற்றதுக்குக் கசிவு மாதிரித் தெரியும். ஒரு லைனுக்கு ஒன்றுதான் ஓட வேண்டும். தயாரிப்பாளர் கையேட்டைப் பார்த்து மற்றதை நிறுத்துங்கள்.

அடுத்து டிசி பிரேக்கரைத் திறந்து வைத்துப் பாருங்கள். அலாரம் போனால் கேபிள் அல்லது இன்வெர்ட்டர் பக்கம், போகாமல் அப்படியே இருந்தால் கன்டெய்னருக்குள். கேபிளுக்கு மெக்கர் (அதிக வோல்டேஜ் கொடுத்து இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) போடுவதாக இருந்தால் சர்ஜ் அரெஸ்டர் (மிகை வோல்டேஜ் தடுப்பான்), இன்சுலேஷன் கருவி எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான். பேட்டரி இணைந்திருக்கும் பக்கம் மெக்கர் வைக்கவே கூடாது, பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணிக்கும்) போர்டு போய்விடும்.

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
நன்றி அண்ணா. இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இன்வெர்ட்டர் பக்கம் நிறுத்தியதும் பகல் அளவு நன்றாக ஏறிவிட்டது. ஆனால் காலை அளவு 80-ஐத் தாண்டவில்லை. பிரேக்கரைத் திறந்தாலும் அதே கதை.

டிசி பக்கம்
அப்படியென்றால் கன்டெய்னருக்குள்தான். காலையில் அலாரம் இருக்கும்போதே ரேக் ரேக்காகக் காண்டாக்டரை (ரேக்கை லைனோடு இணைக்கும் ஸ்விட்ச்) திறந்து பாருங்கள். எதைத் திறந்தால் அளவு குதித்து ஏறுகிறதோ அதுதான் ஆள். பிறகு அந்த ரேக்கை மட்டும் தனியாக வைத்து, நெகட்டிவிலிருந்து எர்த்துக்கும் பாசிட்டிவிலிருந்து எர்த்துக்கும் வோல்டேஜ் எடுங்கள். செல் வரிசையில் எந்த இடத்தில் கசிவு இருக்கிறதோ, அந்த இடம் எர்த் மட்டத்துக்கு வந்திருக்கும். அளவை 3.2-ஆல் வகுத்தால் எத்தனையாவது செல் பக்கம் என்று வந்துவிடும்.

இதை நீங்களே செய்யாமல், பேட்டரி கம்பெனி இன்ஜினியரை வைத்துச் செய்யுங்கள். மீட்டர் 1,500 வோல்ட் டிசிக்கு ஏற்றதா, கிளாஸ் 0 கையுறையா, பக்கத்தில் இரண்டாவது ஆள் இருக்கிறாரா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். எந்த ஸ்விட்சை அணைத்தாலும் பேக்குக்குள் வோல்டேஜ் அப்படியே இருக்கும்.

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
அவர்கள் இன்ஜினியர் வந்து அளந்தார். ஏழாவது ரேக். நெகட்டிவ்–எர்த் சுமார் 330, பாசிட்டிவ்–எர்த் சுமார் 1,000.

டிசி பக்கம்
330-ஐ 3.2-ஆல் வகுத்தால் 103. உங்கள் பேக்குக்கு 104 செல். நெகட்டிவ் முனையிலிருந்து முதல் பேக்கும் இரண்டாவது பேக்கும் சேரும் இணைப்பைப் பாருங்கள். அதற்கு மேலே கூலிங் ஹோஸ் போகிறதா?

சில்லர் வேலை
நானும் அதைத்தான் கேட்க வந்தேன். கூலன்ட் (குளிரூட்டும் திரவம்) கசிவா, வியர்வையா என்பதைப் பிரித்தாக வேண்டும். கிளைகால் கலந்த கூலன்ட் சிந்தினால் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும், இரண்டு மூன்று மணி நேரத்தில் காயாது. உங்களுக்குப் பதினோரு மணிக்கெல்லாம் சரியாகிவிடுகிறது என்றால் காற்றிலிருந்து படிந்த நீர் என்றே தோன்றுகிறது. கூலன்ட் எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறீர்கள்? ராத்திரி சப்ளை எங்கிருந்து வருகிறது?

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
18 டிகிரி. நிரந்தர ஆக்சிலரி சப்ளை (கூலிங் போன்ற துணைக் கருவிகளுக்கான மின்சாரம்) இன்னும் வரவில்லை. தற்காலிக ஜெனரேட்டர்தான். ராத்திரி பத்து மணிக்கு நிறுத்தி, காலை ஐந்தரைக்குப் போடுவார்கள்.

சில்லர் வேலை
விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஜெனரேட்டர் நின்றால், காற்றின் ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையரும் நிற்கும். ராத்திரி முழுக்க ஈரக்காற்று உள்ளே ஏறும். 30 டிகிரியில் 80 சதவீத ஈரப்பதம் என்றால் பனிநிலையே (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 டிகிரி. ஐந்தரைக்கு சப்ளை வந்ததும் சில்லர் கூலன்டை 18-க்கு இழுக்கிறது. டீஹியூமிடிஃபையர் காற்றை உலர்த்தும் முன்பே குழாய் குளிர்ந்து, ஐஸ் தண்ணீர் சொம்பு மாதிரி வியர்த்துக் கொட்டும். பதினோரு மணிக்குள் காற்று காய்ந்துவிடும், அலாரமும் போய்விடும்.

அடித்தளத்தில் கேபிள் நுழையும் துளைகளை அடைத்தாகிவிட்டதா? டிரெஞ்சில் (கேபிள் போகும் பள்ளம்) மழைநீர் நின்றால் அந்த வழியாகத்தான் ஈரம் மேலே வரும்.

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
திறந்து பார்த்தோம். நீங்கள் இருவரும் சொன்ன இடம்தான். ஹோஸ் மூட்டில் வரிசையாக நீர்த்துளி, அதற்கு நேர் கீழே இணைப்பின் ரப்பர் சீல் ஒரு ஓரம் மடங்கி நிற்கிறது. இணைப்பின் உள்விளிம்பில் வெள்ளைப் பூப்பு. மற்ற ரேக்குகளிலும் துளி இருந்தது, சீல் சரியாக உட்கார்ந்ததால் உள்ளே போகவில்லை. அடித்தளத்தில் இரண்டு துளை அடைக்காமல் இருந்தது, டிரெஞ்சில் கணுக்கால் அளவு தண்ணீர்.

கம்பெனிக்காரர்கள் இணைப்பையே மாற்றிவிட்டார்கள். துளையை அடைத்து, டிரெஞ்சுக்குப் பம்ப் வைத்தோம். ஜெனரேட்டர் இனி ராத்திரியும் ஓடும். கூலன்ட் வெப்பநிலையையும் அவர்களிடம் எழுதி வாங்கிக்கொண்டு உயர்த்தியிருக்கிறோம். மறுநாள் காலை அளவு 900-க்கு மேல்.

பிளானிங் மேலாளர்
நல்ல செய்தி. ஆனால் ஒரு நாள் அளவை வைத்து முடித்துவிடாதீர்கள் தம்பி. ஒரு மழை இரவுக்கு மறுநாள் காலையும் எடுத்துப் பாருங்கள், ஏழாவது ரேக்கின் மற்ற இணைப்புகளையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

திட்ட அட்டவணை போடுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பல சைட்டுகளில் ஆக்சிலரி சப்ளையைக் கடைசி வேலையாகப் போடுகிறார்கள். கன்டெய்னர் தரையில் உட்காரும் நாளிலேயே அதற்கு 24 மணி நேர சப்ளை வேண்டும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கன்டெய்னர் இறங்குவதாக இருந்தால் டிரெஞ்ச் வடிகாலும் துளை அடைப்பும் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கிரேன் வாடகை ஏறுகிறது என்பதற்காக இந்த வரிசையை மாற்றக் கூடாது.

வரம்பை இறக்கச் சொல்கிறவர்களிடம் அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தென்கொரியாவின் தேஜான் நகர அரசு டேட்டா சென்டரில் 2025 செப்டம்பர் 26 அன்று பற்றிய தீ, யூபிஎஸ் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலையின்போது தொடங்கியது. 600-க்கும் மேற்பட்ட அரசு சேவைகள் நின்றுபோயின. ஆட்கள் பேட்டரியில் கை வைத்து வேலை செய்யும் கட்டத்தில் ஒவ்வொரு அலாரத்துக்கும் காரணம் தெரிந்தாக வேண்டும்.

ஓஎம்ஆர் சைட் இன்ஜினியர்
புரிகிறது மேடம். காலை 6 மணி அளவை எல்லாக் கன்டெய்னருக்கும் தனித் தாளாகவே போட்டுவிட்டேன், கம்பெனி ஆள் கையெழுத்தோடு. நேற்று இரவு நல்ல மழை. இன்று மூன்றாவது கன்டெய்னர் 870. நான்காவதிலும் ஒரு துளை அடைக்காமல் இருப்பது தெரிந்தது, இப்போது அதை அடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.