பிள்ளைக்குப் பசும்பால் கொடுக்க ஆரம்பித்தபோது என்ன ஆயிற்று? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தான்லின் அம்மா:
போன தீபாவளிக்கு மகளுக்கு ஒரு வயது முடிந்தது. மறுநாளே பால்மாவை நிறுத்திவிட்டுப் பால்காரர் பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன், அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போய் ஒரு நாளைக்கு நாலு புட்டி, ஐந்து புட்டி, சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்வாள். பால் குடிக்கிற பிள்ளைக்கு என்ன குறை என்று விட்டுவிட்டேன். திஞ்சானுக்கு, அதாவது பர்மியப் புத்தாண்டுக்கு, வந்த பெரியக்கா, மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தவர், சட்டென்று அவள் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை. தேங்காய்ப் பத்தை மாதிரி வெளுப்பு. தினமும் நான் மை இடுகிற கண் அது. ரத்தம் பார்த்தால் ஹீமோகுளோபின் 7.6தான், ரத்தசோகை. எவ்வளவு பால் குடிக்கிறாள் என்று டாக்டர் கேட்டார், ஒரு லிட்டர் என்று பெருமையாகச் சொன்னேன். இந்த வயதில் நாளைக்கு 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டுமாம், ஒரு லிட்டர் பாலில் 1 மில்லிகிராம்கூடக் கிடையாது.

பாகோ மருமகள்:
எங்கள் கதை வேறு. மகனுக்குப் பத்து மாதம், தாய்ப்பால் மட்டும்தான். மாமியார் ஆசையாக ஒரு கரண்டி பசும்பாலை வாயில் விட்டார். பத்து நிமிடத்தில் கன்னம் முழுக்கத் தடிப்பு, மேலுதடு வீங்க ஆரம்பித்தது. சைக்காவில், மிதிக்கிற ரிக்ஷாவில், வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம், வழி முழுக்க அந்த உதட்டை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன். பால் புரதம் ஒத்துக்கொள்ளவில்லையாம். ஆட்டுப்பால் கொடு என்று இன்றும் சொல்கிறார்கள், அதிலும் கிட்டத்தட்ட அதே புரதம்தான், ஆகவே கொடுப்பதில்லை.

மோல்மேன் தாத்தா:
தான்லின் அம்மா, பாலைக் குற்றம் சொல்லாதீர்கள். அம்மாவுக்குப் பால் சுரக்காமல், டின் பாலை வெந்நீரில் கரைத்து ஊற்றித்தான் என்னையும் தம்பியையும் வளர்த்தார்கள். கடைசி டின்னைக் கழுவிய தண்ணீரைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு அம்மா திரும்பி உட்கார்ந்துகொண்டது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கமாயுத் அக்கா:
தாத்தா, உங்கள் அம்மா வேறு வழியில்லாமல் செய்தார்கள், அதை யாரும் தப்பு சொல்லவில்லை. ஆனால் இப்போது படிக்கிற பெண்கள் அதைப் பிடித்துக்கொள்ளக் கூடாது. டின் பாலில் கிட்டத்தட்டப் பாதி சர்க்கரை, லபெயே என்கிற பால் தேநீருக்கு ஆகும், பிள்ளைக்கு ஆகாது. என் மகனுக்கு இரவில் அதைப் புட்டியில் கொடுத்து முன் பல் நாலும் கறுத்தது, என் கதை அவ்வளவுதான். கேட்காவிட்டாலும் சொல்கிறேன். ஒரு வயதுக்கு முன் பசும்பாலை முக்கிய ஆகாரமாக்காதீர்கள். கஞ்சியில், கூழில் கொஞ்சம் சேரலாம். பிறகும் நாளைக்கு 350 முதல் 500 மில்லி போதும், அதுவும் சோறு, மீன், முட்டை, பருப்பு சாப்பிட்ட பிறகு. இரண்டு வயது வரை ஆடை எடுக்காத பால்தான். கறந்த பாலைக் கொதிக்க விடாமல் கொடுக்காதீர்கள். புட்டியை விட்டுத் தம்ளருக்கு மாற்றுங்கள், எங்கள் வீட்டில் மூன்று நாள் அழுகை, நாலாம் நாள் சரியாகிவிட்டது. தாய்ப்பால் இருந்தால் நிறுத்தவே வேண்டாம், இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம். இரும்புச் சொட்டு மருந்து கொடுக்கிறவர்கள் பாலோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள், உடம்பில் சரியாகச் சேராது. எலுமிச்சைச் சாறு ரெண்டு சொட்டு விட்டால் நல்லது.

தான்லின் அம்மா:
தாத்தா, பாலை நான் குறை சொல்லவில்லை, என்னைத்தான் சொன்னேன். அக்கா, சொட்டு மருந்தைப் பால் புட்டியிலேயே கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன், நேற்று முதல் மாற்றிவிட்டேன். மலம் கறுப்பாகப் போகிறது, மருந்தால்தான் என்றார்கள். இன்று மத்தியானம் மீன் குழம்பில் பிசைந்த சோறு ஏழு வாய் வாங்கினாள், எண்ணினேன். செவ்வாய்க்கிழமை மறுபடி ரத்தம் எடுக்கிறார்கள்.