சாயங்காலம் ஆனால் வாய் நமநமக்கிறது, எடை இறங்க மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:

ஊர் கடலூர், திருப்பாதிரிப்புலியூர் பக்கம். வேலை புதுச்சேரியில், தினமும் பஸ்தான். வயது 38, உயரம் 157 செ.மீ., எடை 76 கிலோ. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஐந்தாறு கிலோ குறைத்துவிட்டு வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பகலில் எனக்கு ஒரு சிரமமும் இல்லை. காலையில் இரண்டு இட்லி, மதியம் டப்பாவில் வெள்ளரிக்காய், கேரட், கொஞ்சம் மோர், அவ்வளவுதான். ஆபீஸில் யார் பிறந்தநாள் கேக் நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்லிவிட முடிகிறது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஸ்டாண்டுக்கு வெளியே வரும்போது வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெயில் போடுகிற சத்தம் கேட்டால் கால் அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டு பஜ்ஜி, ஒரு டீ. வீட்டுக்கு வந்தால் பண்ருட்டியிலிருந்து அம்மா கொடுத்தனுப்பும் முந்திரி டப்பா. ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு பாத்திரம் கழுவும்போது மிச்சம் மீதி, பிள்ளைகளின் மிக்சர் என்று கை போய்க்கொண்டே இருக்கிறது. பசியா என்றால் பசி இல்லை, ஆனால் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

இதை அடியோடு நிறுத்துவதா, கொஞ்சம் கொஞ்சமாக விடுவதா? பசியை அடக்கும் மூலிகைப் பொடி என்று வாட்ஸ்அப்பில் ஒருவர் விற்கிறார், அது சரிப்படுமா? சனிக்கிழமைதோறும் ஒருபொழுது இருந்து பார்க்கலாமா என்றும் ஒரு யோசனை. வீட்டில் சொன்னால் மனசைக் கட்டுப்படுத்து என்பதோடு முடித்துக்கொள்கிறார்கள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை:

தங்கச்சி, மனசைப் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த மதிய டப்பாவைப் பாருங்கள். இரண்டு இட்லியில் புரதம் நாலைந்து கிராம் தேறினால் பெரிது. வெள்ளரிக்காயிலும் மோரிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. பெண்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 46 கிராம் புரதம் வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குச் சொல்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் இடிபட்டுக்கொண்டு வந்து இறங்கினால் யாருடைய கண்ணிலும் பஜ்ஜிக் கடைதான் முதலில் படும். வயிறு கூப்பாடு போடாததால் பசி இல்லை என்று நினைக்கிறீர்கள். உடம்பு பகலில் விட்டதை ராத்திரியில் வசூல் பண்ணுகிறது.

மனவுறுதிக்கும் இதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர், உடலும் மனமும் திடமாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார். தாமாக முன்வந்தவர்கள்தான் எல்லோரும். அவர்களுக்கே கொஞ்ச நாளில் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பு ஓடவில்லை, கனவிலும் சாப்பாடு, சமையல் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு படித்தார்கள், யாருக்கும் தெரியாமல் வாங்கிச் சாப்பிட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. அப்படியிருக்க உங்களை நீங்களே திட்டிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

செய்ய வேண்டியது: மதியம் ஒரு கப் சாதம், அதைவிடக் கூடுதலாகக் காய், கூடவே இரண்டு முட்டை அல்லது மீன். கடலூரில் இருந்துகொண்டு மீனுக்கு யோசிக்க வேண்டாம், மத்தி, நெத்திலி, சங்கரா எது கிடைத்தாலும் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள், 100 கிராம் மீனில் 20 கிராம் பக்கம் புரதம் இருக்கிறது. ஆபீஸில் மீன் வாசனைக்கு முகம் சுளிப்பார்கள் என்றால் முட்டை, சைவ நாளில் கெட்டிப் பருப்பு.

அப்புறம் முக்கியமான விஷயம், சுண்டல். கொண்டைக்கடலையை ராத்திரியே ஊறவைத்துவிட்டால் காலையில் குக்கர் வேலைதான், கடுகு, காய்ந்த மிளகாய், கொஞ்சம் மாங்காய்த் துருவல், போதும். அதை ஆபீஸிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் உங்கள் சீட்டில் உட்கார்ந்து நிதானமாக மென்று சாப்பிடுங்கள், பஸ்ஸில் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். வயிற்றில் சுண்டலோடு பஜ்ஜிக் கடையைக் கடப்பதும் வெறும் வயிற்றோடு கடப்பதும் ஒன்றில்லை, ஒரு வாரத்தில் உங்களுக்கே தெரியும்.

உப்பளம் வாசி:

மேலே சொன்ன அண்ணன் கருத்தில் பாதிதான் ஒத்துப்போகிறேன். வயிறு நிறைய சாப்பிட்ட பிறகும் வாய் கேட்கும், அது வேறு கணக்கு. எங்கள் ஆபீஸ் புதுச்சேரி மிஷன் வீதியில், கீழேயே பேக்கரி. சாயங்காலம் கிரசான் அடுப்பிலிருந்து வெளியே வரும் நேரத்தில் வெண்ணெய் வாசனை படிக்கட்டு வழியாக மாடி வரை ஏறும். அந்த வாசனைக்கு முன்னால் முட்டையும் சுண்டலும் ஒன்றும் செய்யாது. அதனால் வார நாளில் கிடையவே கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று, உட்கார்ந்து, காபியோடு. தினமும் 'இன்றைக்குச் சாப்பிடலாமா, ஒன்றே ஒன்று மட்டும்' என்று மனசுக்குள் பேரம் பேசுவதுதான் ஆளைச் சோர்வாக்குகிறது. நாள் குறித்துவிட்டால் பேரத்துக்கே இடமில்லை.

மிக்சர், பிஸ்கட் எல்லாம் வீட்டுக்குள் வரவே கூடாது என்பது என் கட்சி. பிள்ளைகளுக்கு வேண்டுமென்றால் அன்றன்றைக்குச் சின்னப் பாக்கெட்டாக வாங்கிக் கொடுங்கள். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை அங்கேயே தங்கவைத்துப் பார்த்தார்கள். இஷ்டத்துக்குச் சாப்பிடலாம் என்று விட்டபோது, ஆலையில் தயாராகும் பாக்கெட் வகை உணவு கொடுத்த இரண்டு வாரத்தில், வீட்டுச் சமையல் மாதிரியான உணவு கொடுத்த இரண்டு வாரத்தைவிட நாளுக்கு 500 கலோரி அதிகமாக உள்ளே போனது. சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாகவே வைத்திருந்தார்கள்.

இன்னொன்று, நடை. 15 நிமிட வேக நடை சாக்லேட் ஆசையைக் குறைக்கிறது என்று இங்கிலாந்தின் எக்சிடர் பல்கலைக்கழகத்தில் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். இங்கே எங்களுக்குச் சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், அங்கே ஒரு சுற்று போனால் பேக்கரி மறந்தே போகும். நீங்கள் ஸ்டாண்டு வரை போகாமல் மஞ்சக்குப்பத்திலேயே இறங்கி, கெடிலம் பாலத்தைத் தாண்டி வீட்டுக்கு நடந்து பாருங்களேன். நடந்த மாதிரியும் ஆகும், அந்த பஜ்ஜிக் கடை வழியே வர வேண்டியதும் இல்லை.

வார்டு சிஸ்டர்:

நான் நர்ஸ். இரண்டு பேர் சொன்னதும் சேர்த்துச் செய்ய வேண்டியவை, ஒன்றுக்கொன்று எதிரி இல்லை. சிலதை மட்டும் சேர்க்கிறேன்.

அந்தப் பொடியைத் தயவுசெய்து தொடாதீர்கள். சிபுட்ராமின் என்று ஒரு பசியடக்கி மருந்து இருந்தது. மாரடைப்பு, பக்கவாத ஆபத்து தெரிந்ததும் 2010இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விலக்கினார்கள், அடுத்த ஆண்டு இந்தியாவிலும் தடை வந்தது. அதற்குப் பிறகும் 'மூலிகை' என்று விற்ற எடைக்குறைப்புப் பொருட்களில் அதே மருந்து கலந்திருந்ததைப் பல நாடுகளில் பிடித்திருக்கிறார்கள். லேபிள் இல்லாத டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது.

ஒருபொழுது பெருமாளுக்காக இருப்பதென்றால் இருங்கள், எடைக்காக வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே பகல் முழுக்க ஒருபொழுது மாதிரிதான் நடக்கிறது. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் வேளைச் சாப்பாட்டை விடக் கூடாது, சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும்.

ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள்? தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் ஏறுகிறது, போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்குகிறது. மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் இனிப்பும் எண்ணெய்ப் பண்டமும் அதிகமாகக் கேட்பதும் இயல்புதான், அந்த நாட்களில் எடை மெஷினில் ஏற வேண்டாம், நீர் கோத்து அரை கிலோ, ஒரு கிலோ கூடக் காட்டும், வீணாக மனசு விட்டுப்போகும்.

கடைசியாக, பச்சரிசி, ஐஸ், சாக்பீஸ் இந்த மாதிரி எதையாவது மெல்லத் தோன்றுகிறதா? தயங்காமல் சொல்லுங்கள்.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. சிஸ்டர், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உலைக்கு அரிசி அளக்கும்போதே ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வேன், ஊறின அரிசி என்றால் இன்னும் பிடிக்கும். எங்கள் பெரியம்மாவும் இப்படித்தான், குடும்ப வழக்கம் என்று நினைத்திருந்தேன். படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும், டப்பா கட்ட ஐந்து மணிக்கு எழ வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குவதை எடையால் என்று விட்டுவிட்டேன்.

வார்டு சிஸ்டர்:

அப்படியென்றால் இந்த வாரமே ரத்தம் பாருங்கள், ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருந்தால் சோகை. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அரிசி, மண், ஐஸ் தின்னும் ஆசை வருவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது, நம் ஊர்ப் பெண்கள் இதை வெளியே சொல்வதே இல்லை. இரும்பு ஏறத் தொடங்கினால் அந்த ஆசை பெரும்பாலும் தானாகவே போய்விடும். மாடி ஏறும்போது மூச்சு வாங்குவதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரும்பு மாத்திரையை அவர் பார்த்து எழுதட்டும், நீங்களாக வாங்க வேண்டாம். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள், டீ இரும்பை உடம்பில் சேரவிடாது. கீரை, முருங்கைக்கீரை எதுவானாலும் எலுமிச்சை பிழிந்து சாப்பிடுங்கள்.

எடை மெதுவாக இறங்குகிறதே என்று கவலையும் வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் எல்லைக்கோட்டில் இருந்தவர்களை மூன்று ஆண்டு கவனித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவு மாற்றமும் நடையும் மட்டுமே சர்க்கரை நோய் வரும் வாய்ப்பை 28.5 சதவீதம் குறைத்தது, அவர்களுடைய சராசரி எடை பெரிதாக இறங்காதபோதும்.

முத்தியால்பேட்டை:

முந்திரி விஷயத்தை விட்டுவிட்டோமே. பண்ருட்டி முந்திரியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது, உங்கள் அம்மா ஆசையாகக் கொடுத்தனுப்புவது. 30 கிராம், அதாவது இருபது பருப்புக்குள், 165 கலோரி பக்கம் வரும். டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டால் கணக்கே தெரியாது. வந்த அன்றைக்கே பத்துப் பத்தாகச் சின்னக் கவரில் போட்டுக் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள், ஒரு கவரைச் சுண்டலோடு ஆபீஸுக்கு எடுத்துப் போங்கள். நெய்யில் வறுத்து உப்பும் மிளகுத்தூளும் போடுகிற வேலை வேண்டாம், அப்படிச் செய்தால் பத்தோடு கை நிற்காது.

பாத்திரம் கழுவும் வேலையை வீட்டுக்காரரிடமோ பெரிய பிள்ளையிடமோ தள்ளிவிட்டுப் பதினோரு மணிக்கு முன்னால் படுங்கள். ரிசல்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள் தங்கச்சி.