புதுப்பிப்பு: ஹெபடைடிஸ் சி-யும் அந்த ஓர் எழுத்தும்

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி வைரஸ் தொற்றிய சிலர் மருந்தே இல்லாமல் குணமாவதற்கும், 19ஆம் குரோமோசோமில் ஐஎல்28பி மரபணுவுக்கு அருகே உள்ள ஒரேயொரு டிஎன்ஏ எழுத்தின் மாற்றத்துக்கும் தொடர்பு உண்டு என்ற 2009ஆம் ஆண்டு ஆய்வுகளைப் பற்றி முந்தைய இழையில் எழுதியிருந்தேன். அந்த எழுத்து என்னதான் செய்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

விடையின் பெரும்பகுதி 2013இல் கிடைத்தது. பக்கத்திலேயே ஐஎஃப்என்எல்4 என்றொரு மரபணு இருக்கிறது. சிலரிடம் அது இன்டர்ஃபெரான் லாம்டா 4 என்ற புரதத்தை உருவாக்குகிறது. மற்றவர்களிடம் பழுதாகிக் கிடக்கிறது. வைரஸை எளிதில் விரட்டுபவர்கள் பழுதான மரபணு உடையவர்கள்தாம்! வைரஸை எதிர்க்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்துப் புரதம் ஒன்று இல்லாததே நன்மை என்பதை இன்றும் என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. அப்புரதம் உள்ளவர்களின் கல்லீரலில் வைரஸ் எதிர்ப்பு மரபணுக்கள் முன்கூட்டியே தூண்டப்பட்டிருப்பதால், முன்பு சிகிச்சையாக ஊசியில் செலுத்தப்பட்ட இன்டர்ஃபெரானுக்கு அவை மசிவதில்லை என்பது பரவலான விளக்கம்.

இந்த மரபணுவைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டவர்களுக்கு: தேவையில்லை. இன்றைய மாத்திரைகள், இந்த மரபணு எப்படி இருந்தாலும், பெரும்பாலும் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோரைக் குணப்படுத்துகின்றன.

ஹெபடைடிஸ் பி-யின் கதை வேறு. அது கல்லீரல் செல்லுக்குள் நுழையும் வாசலான என்டிசிபி புரதம் 2012இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.