உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு விஆர் பயிற்சி: எந்த அளவுக்கு நம்பலாம்?

கோபுரப்பணி:
வணக்கம் நண்பர்களே. டவர், சாரம், கூரை என்று உயரத்தில் வேலை செய்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் பொறுப்பு. வகுப்பில் படம் போட்டுக் காட்டுவோம், அப்புறம் பயிற்சிக் கோபுரத்தில் ஏற்றி இறக்குவோம். இப்போது விஆர் ஹெட்செட், அதாவது மெய்நிகர் காட்சியைக் கண்முன் காட்டும் தலைக்கருவி, வாங்கலாம் என்கிறது நிர்வாகம். அதோடு நின்றால் பரவாயில்லை, இது வந்தபின் கோபுரம் எதற்கு என்றும் கேட்கிறார்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லவும் மனமில்லை, ஏனென்றால் படம் போடும் வகுப்பில் புதிதாக வருபவர்களின் கவனம் நிற்பதே இல்லை. பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள், இதில் எது பதியும், எது பதியாது? தலைசுற்றல் எப்படி?

சாரம்_மேற்பார்வை:
பதிவது கண்ணுக்கும் முடிவெடுக்கும் பழக்கத்துக்கும்தான். இரட்டை லேன்யார்டை எடுத்துக்கொள்ளுங்கள், அதாவது உடம்பில் அணியும் பாதுகாப்புப் பட்டையிலிருந்து (ஹார்னஸ்) வரும் இரண்டு கொக்கிக் கயிறு. எப்போதும் ஒரு கொக்கியாவது மாட்டியிருக்க வேண்டும் என்று வகுப்பில் கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வார்கள். ஹெட்செட்டுக்குள் ஒரு கையில் கருவியைக் கொடுத்து, கீழிருந்து ஒருவர் அவசரப்படுத்துகிற மாதிரி வைத்துப் பாருங்கள், குறுக்குக் கம்பியைத் தாண்டும்போது இரண்டு கொக்கியையும் கழற்றுகிறவர் யார் என்று தெரிந்துவிடும். நிஜத்தில் இதைச் சோதித்துப் பார்க்கவே முடியாது.

இன்னொன்று விழும் தூரம். 1.8 மீட்டர் லேன்யார்டு, விழும் அதிர்ச்சியைத் தாங்கும் ஷாக் அப்சார்பர் கிழிந்து நீளுவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல், ஹார்னஸின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை 1.5 மீட்டர், அதற்கும் கீழே ஒரு மீட்டர் இடைவெளி, ஆக கொக்கி மாட்டும் இடத்துக்கு (ஆங்கர்) கீழே கிட்டத்தட்ட ஐந்தரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் நின்றுகொண்டு கால்மட்டத்தில் கொக்கி மாட்டினவர் எல்லாவற்றையும் ஒழுங்காக அணிந்தும் தரையில்தான் மோதுவார். இந்தக் கணக்கைப் பலகையில் எழுதினால் யாருக்கும் உறைப்பதில்லை. கொக்கியைத் தலைக்கு மேலே, இடுப்பளவில், காலடியில் என்று மாற்றி மாட்டி விழ விட்டு வெளியிலிருந்து பார்க்க வைத்தால் உடனே புரிகிறது.

மீட்பு_பயிற்றுநர்:
மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் கோபுரத்தை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். விஆரில் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் பொத்தானை அழுத்துவதும், தடித்த கையுறை போட்ட கையால் கொக்கியின் பூட்டைத் திருகித் திறப்பதும் ஒன்றல்ல. தொடைப் பட்டை தளர்வாக இருக்கிறதா, முதுகு வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவில் நிற்கிறதா, இதெல்லாம் உடம்பில் போட்டு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். ஏணியில் பாதி ஏறியதும் முன்கை இறுகிப்போய் விரல் மடங்காமல் நிற்குமே, அதை எந்தத் திரையும் காட்டாது.

முக்கியமாக மீட்பு. விழுந்து ஹார்னஸில் அசையாமல் தொங்குகிறவருக்கு ரத்தம் காலிலேயே தேங்கி மயக்கம் வரும், சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். அவரை இறக்கும் குழு கயிற்றையும் கப்பியையும் கையால் பிடித்துப் பழகியிருக்க வேண்டும். காற்றாலைத் துறையின் பயிற்சித் தர அமைப்பான ஜிடபிள்யூஓவின் உயரப் பணிச் சான்றிதழ் 2 ஆண்டுதான் செல்லும், அப்புறம் மறுபடியும் பயிற்சிக்கு வர வேண்டும். கை மறந்துபோகும் என்பதால்தானே அது.

விழுகிற காட்சியிலும் கவனம் வையுங்கள். வலியே இல்லாமல் விழுந்து எழுந்து மறுபடி தொடங்குவது நல்ல பழக்கம் இல்லை. தவறு நடந்த நொடியிலேயே காட்சியை நிறுத்தி, ஏன் அப்படிச் செய்தார் என்று அவரையே பேச வைப்பதுதான் என் வழி.

விஆர்_நிரலாளர்:
தலைசுற்றல் பற்றி. கண் நகர்கிறோம் என்கிறது, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு நிற்கிறோம் என்கிறது, அந்த முரண்தான் குமட்டலுக்குக் காரணம். அதனால் கன்ட்ரோலர் குச்சியால் நகர்த்துகிற மென்பொருள் வேண்டாம், சொந்தக் காலால் நடக்க அறையில் இடம் விடுங்கள். படம் நொடிக்கு 90 முறையாவது மாற வேண்டும், கண்மணிகளுக்கு இடையேயான தூரத்தை ஒவ்வொருவருக்கும் சரிசெய்ய வேண்டும், முதல் தடவையைச் சில நிமிடத்தில் முடித்துவிடுங்கள்.

தரையில் ஒரு மரப்பலகை போடுங்கள். வட கரோலினா பல்கலைக்கழகத்தில் ஆழமான குழியின் விளிம்பில் நிற்பது போன்ற விஆர் காட்சியை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள், 2002ல் வெளிவந்தது. விளிம்பு இருக்கும் இடத்தில் ஒன்றரை அங்குலப் பலகையை நிஜமாகவே வைத்தபோது இதயத்துடிப்பு இன்னும் கூடியது. கால்விரல் விளிம்பைத் தொட்டால் உடம்பு நம்பிவிடுகிறது. கூடவே அவரவர் ஹார்னஸையும் மாட்டிக்கொண்டே செய்யச் சொல்லுங்கள்.

உயரப் பயம் அதிகமுள்ளவர் வெளிறிப்போனால் எல்லோர் முன்னாலும் கட்டாயப்படுத்த வேண்டாம். அவரைத் தனியாக, தாழ்ந்த உயரத்திலிருந்து படிப்படியாகப் பழக்கலாம், பயத்துக்கான சிகிச்சையிலும் 1990களிலிருந்தே இந்த முறை இருக்கிறது.

கோபுரப்பணி:
ரொம்ப நன்றி. கோபுரம் ஏறுவதற்கு முந்தின நாள் விஆர், கோபுரமும் மீட்பும் அப்படியே இருக்கும் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். ஒரே ஒரு ஹெட்செட்தான் கிடைக்கும் போலிருக்கிறது, மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்களே?

சாரம்_மேற்பார்வை:
அது பிரச்சினையே இல்லை. பெரிய திரையில் காட்டுங்கள், அடுத்து எங்கே கொக்கி மாட்டுவார் என்று மற்றவர்களை முன்கூட்டியே சொல்லச் சொல்லுங்கள், வாக்குவாதம் அங்கேதான் சூடுபிடிக்கும். ஒருவர் மட்டும் பலகைக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும். பயந்து பின்னால் சாய்கிறவரைப் பிடிக்க ஆள் வேண்டும்.