மறுமொழி: விண்மின்னா, விண்வெயிலா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். விண்வெளியில் தகடு வைத்துச் சூரிய மின்சாரம் எடுத்துப் பூமிக்கு அனுப்பும் ‘ஸ்பேஸ் சோலார் பவர்’ என்பதற்குத் தமிழில் என்ன பெயர் என்று பேசும் இந்த இழையை நான்கு நாளாகப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். டியூஷன் பிள்ளைகளுக்கு மாதிரித் தேர்வு நடந்ததால் எழுத நேரமில்லை. அதற்குள் பதினேழு மடல் வந்துவிட்டது, ஒன்பது சொல்லும் வந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ஸ்பேஸ் சோலார் பவருக்கு ‘விண்சூரிய மின்சாரம்’ என்று வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

முடியவில்லை ஐயா. சூரியன் விண்ணில்தானே இருக்கிறது? மண்சூரியன் என்று இன்னொன்று இருந்தால் இந்தப் பெயர் சரி. புதுவண்ணாரப்பேட்டையில் என் எதிர்வீட்டு மாடித் தகடுகளும் அதே விண்சூரியனிடம்தான் மின்சாரம் வாங்குகின்றன. எதைப் பிரித்துக் காட்ட ‘விண்’ வந்ததோ அதை அது பிரித்துக் காட்டவே இல்லை.

> ‘விண்மின்’ சுருக்கமாக இருக்கிறதே. அனல்மின், புனல்மின், அணுமின் வரிசையில் நிற்கும்.

எனக்கும் முதலில் இதுதான் பிடித்தது. அந்த வரிசை அழகான வரிசை. எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோவில் ‘தெர்மல்’ என்றுதான் கேட்டு ஏறுவார்கள், ஆனால் போர்டில் ‘அனல்மின் நிலையம்’ என்று இருந்தால் யாருக்கும் தடுமாற்றம் கிடையாது. ஆக, ‘விண்மின்’ஐ ஒருநாள் சோதித்துப் பார்த்தேன். பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கும் வாயால் சொல்லி எழுதச் சொன்னேன். ஒன்பது பேர் ‘விண்மீன்’ என்று எழுதினார்கள். பத்தாவது பையன் ‘வின்மின்’ என்று எழுதியிருந்தான். ஒரே ஒரு பெண் சரியாக எழுதிவிட்டு, பக்கத்துத் தாளைப் பார்த்து அவளும் மீனாக்கிவிட்டாள். காசிமேட்டுப் பிள்ளைகள் என்பதால் என்று சிரிக்காதீர்கள், எந்த ஊர் அச்சகத்திலும் மெய்ப்புப் பார்ப்பவர் இதை ‘விண்மீன் நிலையம்’ என்று திருத்திவிட்டுத்தான் அனுப்புவார்.

‘வான்மின்’ பற்றி அம்மையார் எழுதியிருந்தார். பழைய தமிழில் மின் என்றாலே மின்னல்தான், அதற்கு முன்னால் வானையும் வைத்தால் இடி மட்டும்தான் பாக்கி. ‘விண்கதிர் மின்சாரம்’ இயற்பியலில் ஏற்கெனவே குடியிருக்கிற சொல்லோடு மோதும், காஸ்மிக் கதிரை விண்கதிர் என்றும் அண்டக்கதிர் என்றும் எழுதிவருகிறோம். இவை இரண்டையும் விட்டுவிடலாம்.

மதுரை நண்பர் கேட்டதுதான் சரியான கேள்வி: இதில் புதிதாக என்ன இருக்கிறது, எதற்குப் பெயர் தேடுகிறோம்? விண்வெளியில் சூரியத்தகடு புதிதில்லை, மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் ஏறக்குறைய எல்லாமே அதில்தான் ஓடுகிறது. 1968இல் பீட்டர் கிளேசர் சொன்னது வேறு. செக்கோஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பொறியாளர். தகடுகளை மேலே வைத்து, அங்கே கிடைக்கும் மின்சாரத்தை நுண்ணலையாக மாற்றி, பூமிக்கு அனுப்பி, இங்கே மறுபடி மின்சாரமாக எடுத்து ஊருக்கு விநியோகம் செய்யலாம் என்று அவர் எழுதினார். 1973இல் காப்புரிமையும் வாங்கினார். நம் அப்துல் கலாமும் 2010இல் அமெரிக்காவின் தேசிய விண்வெளிச் சங்கத்தோடு சேர்ந்து இதற்காக ஒரு முயற்சியைத் தொடங்கினார். ராக்கெட் விட்டவர் பேசினார் என்பதால் அப்போது பேப்பரில் வந்தது, அப்புறம் எல்லோரும் மறந்துவிட்டோம்.

ஏன் அவ்வளவு உயரம் போக வேண்டும்? எதிர்வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார். ஐப்பசியில் மேகம் மூடினால் மீட்டர் நகராது, ராத்திரியில் தகடு வெறும் கண்ணாடி. 35,786 கிலோமீட்டர் உயரத்தில், நம் தலைக்கு மேலேயே நிற்பதுபோலச் சுற்றும் வட்டப்பாதையில், இரவு என்பது ஆண்டில் இரண்டு பருவம் மட்டும்தான். மார்ச், செப்டம்பர் வாக்கில் சில வாரங்களுக்கு நடுராத்திரியை ஒட்டி பூமியின் நிழல் விழும், அதுவும் அதிகம் போனால் எழுபது நிமிடம் சொச்சம். மேகம் கிடையாது. ஒரு சதுர மீட்டரில் 1,361 வாட் விழுந்துகொண்டே இருக்கும். சித்திரை உச்சியில் சென்னையில் நல்ல வெயிலென்றால் ஆயிரம் வாட் சுமார்.

இதை எழுதும்போதுதான் தோன்றியது. இந்தத் தொழில்நுட்பத்தின் முழு நியாயமும் அந்த வெயிலில்தான் இருக்கிறது. சூரியனும் ஒன்றுதான், தகடும் ஏறக்குறைய ஒன்றுதான். மேலே அடிக்கிற வெயில் வேறு, கீழே அடிக்கிற வெயில் வேறு. அதனால் என் பரிந்துரை விண்வெயில் மின்சாரம். மேலே நிற்பது விண்வெயில் மின்நிலையம்.

இதற்கு என்ன மறுப்பு வரும் என்று நானே சொல்லிவிடுகிறேன்.

வெயில் என்றால் சூடு, தகட்டுக்கு வேண்டியது ஒளி. உண்மைதான். ஆனால் தகடு மாட்ட வரும் பையன் “வெயில் அடிச்சாத்தான் சார் கரண்ட்டு” என்றுதான் சொல்கிறான், அவனை யாரும் தவறாகப் புரிந்துகொண்டதில்லை. வெயிலும் நிழலும் எதிர்ச்சொல்லாகப் புழங்குகிற மொழி நம்முடையது, அங்கே ஒளி தானாகவே உள்ளே இருக்கிறது.

இரண்டாவது, மின்சாரம் அங்கிருந்து இங்கே வருகிறது என்பது சொல்லில் இல்லை. இதற்காகத்தான் இழையில் ‘விண்ணிறங்கு மின்சாரம்’ என்று ஒருவர் முன்வைத்தார். நல்ல சொல், இரண்டு நாள் நானும் அந்தப் பக்கம்தான் இருந்தேன். இறங்குதுறை, இறங்குதளம் எல்லாம் மீன்பிடித் துறைமுகத்தில் அன்றாடம் கேட்கிற சொற்கள். மனம் மாறியதற்குக் காரணம் மறுபடியும் அனல்மின்தான். அதில் நிலக்கரி எங்கே இருக்கிறது? கொதிகலன் எங்கே, சுழலி எங்கே? ஒன்றும் இல்லை. இருந்தும் யாரும் குறை சொல்லவில்லையே. பெயர் அடையாளம் காட்டினால் போதும், விளக்கத்தை விளக்கம் பார்த்துக்கொள்ளும்.

விண்வெளி நிலையமும் விண்வெயிலில்தானே ஓடுகிறது என்று மூன்றாவதாகக் கேட்கலாம். ஓடட்டும். கைக்கடிகாரம் பேட்டரியில் ஓடுகிறது, அதை மின்நிலையம் என்று சொல்கிறோமா?

சரி, அடுத்து ரெக்டென்னா, மேலிருந்து வரும் நுண்ணலையைத் தரையில் பிடித்து மின்சாரமாக்கும் கருவி. உண்மையில் எனக்கு இதில்தான் ஆசை.

> ரெக்டிஃபையர் = அலைதிருத்தி, ஆன்டெனா = அலைவாங்கி. ஆகவே ‘திருத்து அலைவாங்கி’.

ஆங்கிலத்தில் இரண்டு சொல்லை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள், நாம் வெட்டாமல் ஒட்டினால் இப்படித்தான் ரயில் மாதிரி நீளும். ‘திருத்தி’ என்றால் என் வகுப்பில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிற நான்தான். ‘நேர்வாங்கி’ குறுகியது, ஆனால் நேர்மின்வாய், நேர்மின்னூட்டம் என்று படிக்கிற பிள்ளை அதை பாசிட்டிவ் சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று நினைத்துவிடும்.

பொருளைப் பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம். வில்லியம் பிரவுன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கியது இது. 1964இல் ஒரு சிறிய ஹெலிகாப்டரை நுண்ணலையின் பலத்திலேயே பறக்கவிட்டுக் காட்டினார். 1975இல் கலிஃபோர்னியாவின் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 கிலோவாட்டுக்கு மேல் கம்பியில்லாமல் அனுப்பி வாங்கினார்கள். வாங்கிய பலகையில் வரிசை வரிசையாகச் சின்னக் கம்பித் துண்டுகள், ஒவ்வொன்றிலும் ஒரு டயோடு. கம்பி அலையைப் பிடிக்கும், டயோடு அதை நேர்த்திசை மின்னோட்டமாக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், கம்பித் துண்டு அதில் பாதி, ஆறு சென்டிமீட்டர்.

போன ஞாயிறு மீன் வாங்கப் போனபோது, என்னிடம் படிக்கிற பையனின் அப்பா நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைக் கோத்துக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் ஒரு முனையை மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய பிளாஸ்டிக் ஊசி, இடது கையின் இரண்டு விரல் ஒவ்வொரு கண்ணுக்கும் அளவு. அந்தக் கண்ணும் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர்தான் இருக்கும். சும்மா இருக்காமல் அவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன்.

“இன்னா சார், மேலேர்ந்து கரண்ட்டு எறக்குவானுங்களா? போட்டு மேல வுயுந்தா ஷாக்கு அடிக்காது?”

அடிக்காது என்று சொல்லி, கீழே கம்பங்களின் மேல் கம்பிகள் விரித்திருக்கும், வெயிலும் மழையும் அதற்குள் புகுந்து கீழே போகும், அலை மட்டும் மாட்டிக்கொள்ளும் என்றேன்.

“அப்போ வலைன்னு சொல்லு சார். அலை புடிக்கிற வலை. இதுக்கு இம்மாம் பேச்சா?”

நெத்திலியைப் பிடிப்பது நெத்திலி வலை, இறாலைப் பிடிப்பது இறால் வலை, கவலையைப் பிடிப்பது கவலை வலை. (மீன்தான், நம்முடைய கவலை இல்லை.) எனவே அலையைப் பிடிப்பது அலைவலை. வேண்டாததை வழியவிட்டு வேண்டியதை நிறுத்திக்கொள்கிறது என்பதுவரை பொருத்தமாக இருக்கிறது. வலைத்தளம், வலைப்பூ என்று வலை முழுக்க இணையத்துக்குப் போய்விட்டதே, வைஃபை என்று நினைத்துவிட மாட்டார்களா என்று கேட்பீர்கள். நினைக்கலாம். டயோடு செய்கிற வேலையும் இந்தச் சொல்லில் இல்லை. இந்த இரண்டு குறைக்கும் என்னிடம் நல்ல பதில் இல்லை, இருந்தாலும் மற்றச் சொற்களைவிட இதைத்தான் வாயில் வைத்துப் பார்க்க முடிகிறது.

அளவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘வாங்கி’ என்றதும் மொட்டைமாடிக் குடை மாதிரி ஒன்று மனதில் வருகிறது. 1970களின் கடைசியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் போட்ட மாதிரித் திட்டத்தில் ஒரு செயற்கைக்கோள் 5,000 மெகாவாட் தரும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டமும் வல்லூரும் சேர்ந்தாலும் 3,330தான். அதற்குக் கீழே அலைவலை 10 கிலோமீட்டருக்கு 13 கிலோமீட்டர். அதாவது நீளத்தில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை, அகலத்தில் திருவொற்றியூர் கடற்கரையிலிருந்து புழல் பக்கம் வரை. நம் வட சென்னையே வலைக்குள் வந்துவிடும். அவ்வளவு பரவியிருப்பதால்தான் நடுவிலேகூட சதுர மீட்டருக்கு 230 வாட் மட்டும், உச்சிவெயிலில் கால்பங்குக்கும் குறைவு. அதற்காக நடுவில் பாய் விரித்துப் படுக்கச் சொல்லவில்லை, ஓரத்தில் அது 10 வாட்டாக இறங்கிவிடும் என்பதுதான் ஊர்க்காரர்களுக்கு முக்கியம்.

> இதெல்லாம் நடக்கவே நடக்காது. நடக்காததற்கு எதற்குக் கலைச்சொல்?

நடக்குமா என்பதில் எனக்கும் சந்தேகம் உண்டு. 2024இல் வந்த நாசா அறிக்கையே தரையில் கிடைக்கிற சூரிய, காற்று மின்சாரத்தைவிட இது பன்மடங்கு விலை என்றது. மறுபக்கம் 2023இல் கலிஃபோர்னியாவின் கால்டெக் தொழில்நுட்பக் கழகத்தின் சின்னக் கருவி ஒன்று மேலிருந்து அனுப்பிய நுண்ணலையைப் பசடேனாவில் கட்டட மாடியில் வைத்துப் பிடித்துப் பார்த்தார்கள். பல்பு எரிகிற அளவு இல்லை, வந்தது என்று தெரிகிற அளவு. செய்தி வந்த அன்றே தமிழ்ப் பேப்பர்காரர் ஏதாவது ஒரு சொல் போட்டுத்தானே ஆக வேண்டும்? அவர் அவசரத்தில் போடுவது நிலைத்துவிட்டால் அப்புறம் நாம் இங்கே உட்கார்ந்து புலம்பிப் பயனில்லை.

ஒன்று பாக்கி. செயற்கைக்கோள் தன் நுண்ணலைக் கற்றையைச் சரியாக அலைவலையின் மேல் விடுவது எப்படி? கீழே வலையின் நடுவிலிருந்து ஒரு மெல்லிய சமிக்ஞை மேலே போகும். கோளில் இருக்கிற ஆயிரக்கணக்கான அலைபரப்பிகள் அது வந்த வழியை வைத்துத் தங்களை ஒத்திசைத்து, வந்த வழியே மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும். கீழிருந்து வரும் சமிக்ஞை நின்றுவிட்டால் ஒத்திசைவு கலைந்து கற்றை சிதறிப் பலமிழந்துவிடும். படகின் மேல் விழாது என்று துறைமுகத்தில் நான் தைரியமாகச் சொன்னது இதை நம்பித்தான். ஆங்கிலத்தில் இதற்கு பைலட் பீம் என்று பெயர். கீழே இருப்பவர் கூப்பிட்டால்தான் மேலே இருப்பது வருகிறது என்பதால் ‘அழைப்பலை’ என்று குறித்து வைத்திருக்கிறேன், முழுத் திருப்தி இல்லை. கடல் பக்கம் பழக்கமுள்ளவர்கள் யாராவது, கரையிலிருந்து படகுக்கு வழிகாட்டக் காட்டுகிற விளக்குக்கு உங்கள் ஊரில் வழங்கும் சொல் இருந்தால் எழுதுங்கள்.

இழையில் ஒருவர் கணினி மொழிபெயர்ப்பில் போட்டுப் பார்த்து ‘விமானிக் கற்றை’ என்று அனுப்பியிருக்கிறார். அது மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
புதுவண்ணாரப்பேட்டையிலிருந்து