ஈஸ்ட் ஹார்லெம்ல தெருவுக்குத் தெரு பாட்டு மாறுதே, எது என்னன்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

பால்கனி_பறவை:
நியூயார்க்ல ஈஸ்ட் ஹார்லெம் 116ஆவது தெரு பக்கம் குடி வந்திருக்கோம், வாடகை கட்டுப்படியானது இங்கதான். வெயில் வந்துட்டா போதும், கடை வாசல்ல மடக்கு டேபிள் போட்டு பெருசுங்க டாமினோ ஆடுறாங்க, கட்டைய டப்பு டப்புன்னு போடுற சத்தமும் ஸ்பீக்கர் பாட்டும் சேந்து ராத்திரி வரைக்கும் போகுது. ஒரு கடைல ட்ரம்பெட் ட்ரோம்போன்னு அதிருது, அடுத்து போற கார்ல கிடார் அழுவுது, மூணாவது கடைல அக்கார்டியன். இதெல்லாம் ஒரே ஊர் பாட்டா? இன்னொன்னு, எங்க பில்டிங்ல ஒருத்தர் தெனமும் 311ங்கிற நகராட்சி புகார் நம்பருக்கு போன் போட்டு சத்தம்னு கம்ப்ளைன்ட் பண்றார், நம்மளயும் சேர சொல்றார். என்ன பண்ணலாம்?

கொட்டுச்சத்தம்:
ஒரே ஊர் இல்ல ப்ரோ. ட்ரோம்போன் அதிர்றது சல்சா, வேர் கியூபா, ஆனா இந்த உருவத்துக்கு வந்தது உங்க ஏரியாலயும் பக்கத்து பகுதி ப்ராங்க்ஸ்லயும் இருந்த போர்ட்டோ ரிக்கோகாரங்க கைல. கிடார் அழுதா பச்சாட்டா, அது டொமினிக்கன் குடியரசு நாட்டு பாட்டு. அக்கார்டியன்லதான் குழம்பும். கூடவே தேங்கா துருவுற மாதிரி ஒரு சத்தம் வேகமா விடாம வந்தா மெரெங்கே, அதுவும் டொமினிக்கன். அசைஞ்சு அசைஞ்சு மெதுவா போனா மெக்சிகோ கும்பியாவா இருக்கும், 116ல இப்ப மெக்சிகோவோட புவெப்லா மாநிலத்து பக்கத்து ஆளுங்க நெறய. சல்சா கேக்கும்போது 16 வரைக்கும் எண்ணிட்டே 1, 4, 7, 11, 13ல மட்டும் தட்டி பாருங்க, அதான் கிளாவே, சல்சாவோட அடிப்படை தாளம். சில பாட்டுல பின்பாதி முன்னாடி வரும், அப்ப ஒட்டலன்னா 9ல இருந்து எண்ண ஆரம்பிங்க.

ரயிலடி_அக்கா:
நீங்க இருக்கிற இடத்தோட கதையும் இதுல இருக்கு தம்பி. முன்னாடி அங்க யூதர், இத்தாலிக்காரங்க. 1917ல போர்ட்டோ ரிக்கோகாரங்களுக்கு அமெரிக்க குடியுரிமை கெடச்சுது, ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் குடும்பம் குடும்பமா வந்து எறங்குனாங்க. பெரிய லத்தீன் இசைக்குழு தலைவர் டிட்டோ புவென்டே அந்த ஏரியா புள்ளதான், 110ஆவது தெருவுக்கு அவர் பேரே வச்சிருக்கு. மன்ஹாட்டன் நடுப்பகுதி மிட்டவுன்ல பல்லேடியம்னு ஒரு டான்ஸ் ஹால், 50கள்ல அவர், மச்சிட்டோ, டிட்டோ ரோட்ரிகஸ்னு இசைக்குழு தலைவருங்க வாசிக்க எல்லா நெறத்து ஆளுங்களும் ஒரே தரைல மாம்போங்கிற கியூபா டான்ஸ் ஆடுனாங்க, அந்த காலத்துல அது சாதாரண விஷயமில்ல. 1966ல மூடிட்டாங்க. பார்க் அவென்யூல ரயில் பாலத்துக்கு அடியில லா மார்கெட்டான்னு சந்தை இருக்கு பாருங்க, 1936ல தொறந்தது, ஒரு காலத்துல கால் வைக்க எடம் இருக்காதாம்.

தூக்கமில்லாதவன்:
எல்லாரும் ரொம்ப உருகுறீங்க. கைக்கொழந்த இருக்கிற வீட்ல ராத்திரி ஒரு மணிக்கு பேஸ் அதிர்ந்தா பாரம்பரியம்னு சொல்லிட்டு இருக்க முடியாது. 311 அதுக்குத்தான இருக்கு.

ரயிலடி_அக்கா:
ராத்திரி ஒரு மணின்னா நானும் உங்க பக்கம்தான். ஆனா சாயங்காலம் ஏழு மணி டாமினோவுக்கு கம்ப்ளைன்ட்டா? 2017ல அந்த ஏரியால உயரமா கட்டலாம்னு மண்டல விதிய மாத்துனப்பவே வாடகை ஏறும், பழைய ஆளுங்க போயிடுவாங்கன்னு சண்டை நடந்துச்சு. அந்த பயத்தோட உக்காந்திருக்கிறவங்க வாசல்ல போலீஸ் வந்து நின்னா எப்படி எடுத்துக்குவாங்க? முதல்ல எறங்கி போய் சொல்லுங்க, கொறச்சுடுவாங்க.

பால்கனி_பறவை:
சரிக்கா, கம்ப்ளைன்ட்ல சேரல. 1, 4, 7, 11, 13 தட்டி பாத்தேன், ஒரு பாட்டுக்கு அப்படியே உக்காந்துச்சு!! பழைய ரெக்கார்ட் எங்க வாங்கலாம்?

கொட்டுச்சத்தம்:
ப்ராங்க்ஸ்ல காசா அமதேயோ. 1941ல விக்டோரியா எர்னாண்டஸ்னு ஒரு அம்மா ஆரம்பிச்ச கடை, 1969ல மைக் அமதேயோ வாங்குனார், அவரே பாட்டு எழுதுறவர். 2 இல்லன்னா 5ஆம் நம்பர் ட்ரெயின்ல ப்ராஸ்பெக்ட் அவென்யூல எறங்குங்க. போன் பண்ணி தொறந்திருக்கான்னு கேட்டுட்டு போங்க, கைல கேஷ் கொஞ்சம் வச்சுக்கோங்க.