புதுப்பிப்பு: உடைந்த வடிகால் மூடியும் எங்கள் பேரூராட்சித் தேர்தலும்

எங்கள் தெரு வடிகால் மூடி உடைந்து கிடப்பதையும், அடுத்த தேர்தல் எப்போது என்பதையும் பற்றி முன்பு எழுதியிருந்தேன். பலர் விவரம் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

மூடி போட்டுவிட்டார்கள், புது சிமெண்ட் பலகை. ஆனால் அடியில் மண் அள்ளவில்லை. பால்வாடி வாசலில் இன்னும் கறுப்புத் தண்ணீர் தேங்கி நிற்கிறது, பிள்ளைகள் சுவரை ஒட்டித்தான் நடந்து போகிறார்கள். மண்ணை அள்ளும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பேன்.

அப்புறம் தேர்தல். தமிழக நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குக் கடைசியாக 2022 பிப்ரவரி 19இல் வாக்களித்தோம். உறுப்பினர்கள் மார்ச் 2இல் பதவியேற்றார்கள். பதவிக்காலம் ஐந்தாண்டு என்றால் 2027 மார்ச் தொடக்கத்தோடு முடிகிறது. அதற்குள் தேர்தல் நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியலமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் 2016இல் பதவிக்காலம் முடிந்தபோது என்ன ஆனது? 2022 வரை தேர்தலே இல்லை, அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு கவுன்சிலர்கூட இல்லாத அந்த நிலை திரும்ப வரக்கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

தலைவருக்கு நேரடியாக ஓட்டா என்று கேட்டிருந்தீர்கள். 2022இல் அப்படி இல்லை. நாம் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தோம், அவர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தலைவராக்கினார்கள். வார்டுகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது.

சரி, ஒரு வேலை இப்போதே செய்யலாம். உள்ளாட்சித் தேர்தலுக்கான வாக்காளர் பட்டியல் சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் தயாராகிறது. வீடு மாறியவர்கள் அதில் முகவரியைத் திருத்திக்கொள்ளுங்கள்.